பாட்டரியில் நீர் வற்றுவதேன்?

மின்வெட்டுக்கு அஞ்சி நம் இல்லங்களில் வைத்துள்ள இன்வெர்ட்டர் பாட்டரியில் நீர் அடிக்கடி வற்றுகிறதா? தொட்டால் சுடுகிறதா? புதியது வாங்குமுன் சார்ஜரைச் சோதிக்குமாறு வேண்டுகிறோம். இரவு முழுதும் மின்னேற்றியபின், சார்ஜர் ஓடும்போதே பாட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தல் வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் 13.5 முதல் 13.8 வரை காட்டின் நன்று. 15ஐத் தாண்டியே நிற்குமாயின் குற்றம் சார்ஜருடையது. அழுத்தத்தை அடக்கும் சுற்றைப் பழுதுபார்க்கும் வரை அதை நிறுத்திவைப்போம். மிகையேற்றத்தால் எழும் ஹைட்ரஜன் தீப்பற்றுவது. இடமின்மையால் பூசை மாடத்தின் அடியிலேயே பாட்டரியை வைத்திருப்போர் விளக்கேற்றுமுன் இதை எண்ணுக. சார்ஜர் சரியாயிருந்தும் சூடு தணியாவிடில், இணைப்பை நீக்கிச் சில மணி கழித்து அளக்கலாம். 12.6க்குப் பதில் 10.5 அளவே காட்டின், ஆறு அறைகளுள் ஒன்று செத்துவிட்டது.