தரைக்கு மேல் ஒரு சாண்

காற்று அடங்கிய, மேகமற்ற இரவில் தரையில் ஒரு வெப்பமானியும் ஒரு சாண் உயரத்தில் இன்னொன்றும் வைத்துப் பாருங்கள். இரவில் வெப்பத்தை இழப்பது தரை. ஆகவே தரையில்தான் குளிர் மிகுதி என்பது பாடநூல். 1932-இல் எல். ஏ. ராமதாசும் எஸ். ஆத்மநாதனும் கண்டது வேறு. தரையைவிடச் சில பாகை குளிர்ந்த காற்று, தரைக்குச் சற்று மேலே நின்றது. கனத்த காற்று மேலேயும் லேசானது கீழேயுமாக எப்படிக் கவிழாமல் நிற்கும் என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1950களில் ரஷ்கே என்ற ஆய்வாளர் புனேயில் மீண்டும் அளந்த பிறகே ஐயம் தணிந்தது.

1993-இல் வாசுதேவ மூர்த்தி, ஜே. சீனிவாசன், ரொத்தம் நரசிம்மா மூவரும் நீராவியின் கதிர்வீச்சைக் கொண்டு இதை விளக்கினார்கள். தரையின் உமிழ்திறன் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குறையால் தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது என்பது அவர்கள் வாதம். அழகான கோட்பாடுதான். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஸ்ரீனிவாஸ், கணேஷ் சுப்பிரமணியன் குழுவினர் 2010 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் அதன் பிழையைக் காட்டினார்கள். நம் துறையில் கணக்குப் போடும் ஒவ்வொருவரும் அந்தப் பிழையை ஊன்றிப் படிக்க வேண்டும்.

நீராவி அகச்சிவப்பு முழுவதையும் ஒரே சீராக உட்கவர்வதில்லை. 6.3 மைக்ரானை ஒட்டிய பட்டையிலும், ஏறத்தாழ 18 மைக்ரானுக்கு அப்பாலும் வலுவாகக் கவரும். 8 முதல் 12 மைக்ரான் வரை சாளரம் திறந்திருக்கும். வலுவான பட்டைகளில் தரை குறைவாக உமிழ்ந்தாலும், வானிலிருந்து வந்த கதிரை எதிரொளித்து அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. மிஞ்சும் குறை சாளரத்தில்தான். அங்கே நீராவி அநேகமாகக் கவர்வதில்லை என்பதால் காற்று அதை உணர்வதே இல்லை. 1993 கணக்கில் எடுத்துக்கொண்ட சராசரி உமிழ்திறனோ அந்தக் குறையை எல்லாப் பட்டைகளுக்கும் பங்கிட்டுவிட்டது. இல்லாத குளிர்ச்சி கணக்கில் பிறந்தது. உண்மையில் அளந்த குளிர்ச்சிக்குத் தரையருகே மிதக்கும் நுண்துகள்களே காரணம் என்பது பெங்களூரு குழுவின் முடிவு. அவை சாளரத்திலும் உமிழக்கூடியவை.

ஈரம் மிகுந்த கடலோர இரவுகளில் சாளரமும் ஓரளவு மூடிக்கொள்கிறது. அங்குள்ள தொடர் உட்கவர்தல் ஆவியழுத்தத்தின் இருமடியை ஒட்டி ஏறும். வறண்ட ஊருக்குப் பொருந்திய சராசரியைச் சென்னைக்கு எடுத்துவருவது தவறு.

இரவுக் குளிர்ச்சி குறித்து எழுதி அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள்: தரையிலிருந்து முதல் இரண்டு மீட்டருக்கான ஆவியழுத்த அளவீட்டையும், தரையின் அளந்த உமிழ்திறனையும், பட்டைவாரியான கணக்கையும் கட்டுரையோடு சேர்த்தே அனுப்புங்கள்.