கழுத்துக்குக் கத்தி வேண்டுமா, வேண்டாமா?

நமது நாட்டில் ஒரு மனிதனுக்குக் கழுத்தில் வலி கண்டு, அது தோளுக்கும் கைக்கும் இறங்கி, விரல் மரத்துப் போகுமானால், அவன் முதலில் போவது வைத்தியரிடமல்ல. சுளுக்கு எடுப்பவரிடம் போகிறான். பிறகு மந்திரிப்பவரிடம் போகிறான். அதற்கும் பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் போகிறான். இவ்வளவும் ஆன பின் டவுனுக்குப் போய்ப் படம் எடுத்து, "ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, ஆப்பரேஷன் செய்ய வேண்டும்" என்று ஒரு டாக்டர் சொன்னால், வீட்டார் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும்" என்பது ஒரு கட்சி. "டாக்டர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?" என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் செய்யாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அது யோசித்துப் பார்ப்பது.

சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையிலுள்ள புதுச்சத்திரம் போன்ற ஊர்களில் இது சில்லறைச் சங்கதியல்ல. லாரி ஓட்டுகிறவருக்கும், மூட்டை தூக்குகிறவருக்கும், புல்லுக்கட்டைத் தலையில் சுமக்கிற பெண்களுக்கும் கழுத்து கெட்டால் பிழைப்பே கெட்டது.

சங்கதி என்ன? கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. மேலே உள்ள இரண்டைத் தவிர மற்ற எலும்புகளுக்கிடையே மெத்தைபோல ஜவ்வுகள் இருக்கின்றன. ஜவ்வின் வெளிவளையம் கெட்டியான நார். உள்ளே இருப்பது கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை நெருக்கினால் வலி கைக்கு இறங்குகிறது. 5, 6-வது எலும்புகளுக்கு நடுவே பிதுங்கினால் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் மரக்கும். 6, 7-க்கு நடுவே என்றால் நடுவிரல் மரக்கும். சனி பகவான் ஒருவனுக்குக் கட்டைவிரலையும் இன்னொருவனுக்கு நடுவிரலையும் ஏன் பிடித்தார் என்று எந்தச் சோதிடராவது சொல்ல முடியுமா?

இந்த உண்மையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்தவற்றுள் பல பிதுங்கிய ஜவ்வே என்று எடுத்துக் காட்டினார்கள். 1950-களில் கழுத்தின் முன்பக்கமாகவே சென்று ஜவ்வை எடுக்கும் முறை வந்தது. நமது மாகாணத்தில் 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளை நரம்பு ரண சிகிச்சையைத் துவக்கினார்கள். ஆகையால் கத்தி என்றாலே பயப்படுவது அறியாமையே.

நிற்க, கத்தி என்றாலே கும்பிடுவதும் அறிவாகாது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் இந்த நரம்பு நோய் கண்ட 561 பேரைப் பல வருஷம் கவனித்து 1994-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 26 பேரே. முடிவில் நூற்றுக்கு 90 பேர் தொல்லையில்லாமலோ, சொற்பத் தொல்லையுடனோ இருந்தார்கள். சுவீடன் தேசத்தில் 81 பேரை மூன்று பிரிவாக்கி, ஆப்பரேஷன், தேகப்பயிற்சி சிகிச்சை, கழுத்துப் பட்டை என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு முதலில் வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருஷம் கழிந்த பின் மூவகையாருக்கும் வித்தியாசமில்லை. பிதுங்கிய கூழைச் சரீரமே நாளடைவில் கரைத்துக்கொள்வதும் உண்டு.

படத்தையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானில் கழுத்து நோய் எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்ததில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஜவ்வு புடைத்திருந்தது என்று 2015-இல் வெளியிட்டார்கள். ஆகவே படம் காட்டுகிற இடமும், மரக்கிற விரலும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

ஆனால் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினால், நடை தள்ளாடினால், கால் விறைத்தால், சிறுநீர் அடக்க முடியாமற் போனால், கையின் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், நெருக்கப்படுவது தண்டுவடமாகவோ, சேதமாகிவரும் நரம்பாகவோ இருக்கும். அங்கே தாமதித்தால் போன பலம் திரும்பாமலே போகலாம். இப்படிப்பட்டவனை உட்காரவைத்து, ராகுகாலம் கழியட்டும், தை பிறக்கட்டும் என்பவர்கள் அவனுக்கு உறவினர்களா, விரோதிகளா? கழுத்தைப் பிடித்து "நெட்டி" முறிக்கிறவனிடம் அனுப்புவதோ அதைவிட அபாயம்.

ஆதலால் டாக்டரிடம் கைகட்டி நிற்காமல் கேளுங்கள்: நெருக்குவது நரம்பையா, தண்டுவடத்தையா? ஆறு வாரம் பொறுத்தால் நஷ்டம் என்ன? எலும்பை இணைத்து வைப்பதா, செயற்கை ஜவ்வு வைப்பதா? குரல் கம்முதல், விழுங்கத் தொல்லை, பக்கத்து ஜவ்வு பிற்பாடு கெடுதல் முதலியவற்றுக்கு எவ்வளவு இடமுண்டு? பீடி குடிப்பவனுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கேள்விக்குக் கோபிக்கிற டாக்டரை விட்டு இன்னொருவரிடம் கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதில் சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏழையின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிறது, நல்ல காரியந்தான். ஆனால் ஆறு வாரம் மூட்டை தூக்காமல் இருந்தால் ஆறக்கூடிய கழுத்துக்கு, அந்த ஆறு வாரக் கூலியைக் கொடுப்பவர் யார்? படுத்தால் பட்டினி என்றிருக்கும் கூலிக்காரனிடம் "ஓய்வெடு" என்பது வைத்தியமல்ல, பரிகாசம்.

வீட்டில் பெண்ணுக்குக் கழுத்து வலித்தால் "வேலைக்குப் பயந்து சொல்கிறாள்" என்பதும், ஆப்பரேஷன் என்றால் புருஷனும் மாமியாரும் முடிவு செய்வதும் என்ன நியாயம்? மரப்பது அவள் விரல், முடிவும் அவளுடையதே.

தோழர்களே! கோயிலில் கேள்வி கேட்கத் துணிந்த நீங்கள் ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். கத்தி வேண்டியபோது பஞ்சாங்கத்தைப் பார்க்காதீர்கள். வேண்டாதபோது கத்தியைத் தேடாதீர்கள். கழுத்துக்கு மேலே தலை இருப்பது இதற்காகத்தான்.