நீர் எங்கே என்போருக்கு

"சாமி, இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் அரூப நிலக்காட்சி ஒன்றின் அச்சுப்படத்தைக் கண்டு பங்கு மக்களுள் ஒருவர் என்னிடம் இவ்வாறு வினவினார். அவர் பனியன் தொழில் நடத்துபவர். அவரது அலுவலகச் சுவரில், நாட்காட்டிப் படமொன்றில் தெள்ளிய அருவி வீழ்ந்துகொண்டிருக்கிறது. அதில் நீர் இருப்பதாக அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையோடுதான் எனக்கு வழக்கு.

கீராம்பூரில் 1938-இல் பிறந்து 2008-இல் மறைந்த ஆதிமூலம், வரையத் தெரியாமல் வண்ணத்திற்குள் ஒளிந்தவரல்லர். காந்தியடிகளைக் கோட்டோவியங்களில் உயிர்பெறச் செய்த அதே கைதான், பின்னர் உருவங்களைத் துறந்து, அடர்ந்த வண்ணப் பரப்புகளால் நிலத்தையும் வானையும் நீரையும் உணர்த்த முற்பட்டது. இதனை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவோரைக் கேட்கிறேன்: கண்ணுக்குத் தோன்றுவது மட்டுமே நீரின் உண்மையா?

இதற்கு விடை கூறும் தகுதி திருப்பூருக்கு உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், நம் ஊரைக் கடக்கையில் சாயம் பூண்டதைக் கண்டோம். பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டு நிறத்தை நீக்கினர், நீர் தெளிந்தது. ஆனால் துணியில் சாயம் பற்றுவதற்காக இட்ட உப்போ, கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கரைந்து நின்றது. வயலையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. தெளிந்த அந்நீரைக் கண்டபடியே வரைந்திருந்தால் அழகிய ஓடையொன்று கிடைத்திருக்கும். அது பொய்யாகவும் இருந்திருக்கும்.

வண்ணம் பூசியதெல்லாம் உண்மை என்று நான் வாதிடவில்லை. நீரின் துயரறியாத அரூப ஓவியமும் வரவேற்பறை அலங்காரமே. ஆயினும் நாட்காட்டி அருவி நம் கண்ணை உறங்க வைக்கிறது, நல்ல அரூப ஓவியமோ, "நீ காணாதது எது?" என்று கேட்டு நிறுத்தி வைக்கிறது.

தோற்றத்தைக் கடந்து காண்பது கிறிஸ்தவருக்குப் புதிதா? திருமுழுக்குத் தொட்டியில் இருப்பதும் நாம் இறைத்த நீர்தானே! அதில் மறுபிறப்பைக் காண்கிறோம். தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் உரைத்தார். அவ்வுரிமை எவருக்கு மறுக்கப்பட்டதென்று காணாத கண், ஓவியத்தில் எதைக் காணும்?

பிறவியிலேயே பார்வையற்றவர் சிலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றார். நமக்குச் சிலோவாம் நொய்யலே. "நீர் எங்கே?" என்று ஓவியரை வினவுமுன், அக்கரையில் நின்று அதே கேள்வியை நம்மை நாமே கேட்போம்.