98 நாள் கணக்கு



அன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எப்போதும் முதலில் கையுயர்த்தும் மாணவன் ஒருவன் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தான். அருகில் சென்று கேட்டேன். காலையில் பசியாறவில்லை என்றான். அம்மா விடியுமுன்னே மருத்துவமனைக்குப் போய்விட்டாராம். "தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கான் டீச்சர்" என்றான்.

பிறகு அவன் தாயாரைச் சந்தித்தேன். அவர் தொழிற்சாலைப் பணியாளர். கருவுற்ற 28-ஆம் வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பாலைப் பிழிந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சுமந்து செல்கிறார். தந்தை லாரி ஓட்டுநர். எடுத்த விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். 9 வாரம் கழித்தே குழந்தை வீடு திரும்பும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.

இனி என் மாணவனுக்கும் புரியும் ஒரு கணக்கைப் போடுவோம். தீபகற்ப மலேசியாவில் தனியார் துறைக்குரிய வேலைவாய்ப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் கிடைத்தது. வரவேற்கத்தக்க மாற்றமே, மறுக்கவில்லை. ஆனால், பிள்ளை பெற்ற மறுநாளாவது அந்த விடுப்பு தொடங்கியே ஆகவேண்டும். மருத்துவமனையில் கழியும் 9 வாரம், 63 நாள். 98-இல் 63 போக மிச்சம் 35. மற்றக் குழந்தைகளுக்குத் தாயோடு வீட்டில் 98 நாள். மிகவும் நலிந்த குழந்தைக்கு 35 நாள்! இது என்ன நீதி?

"குழந்தையை மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், தாய் அங்கே போய் என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்போர் உண்டு. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை சொல்கிறது. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுடைய குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைத்துப் பார்த்தனர். உடல்நிலை சீரான பிறகே அணைப்பைத் தொடங்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால், முதல் 28 நாளில் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. ஆகவே தாய் வெறும் பார்வையாளர் அல்லர், அவரே மருந்து. குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்குரிய விடுப்பு அவர்தம் சிறப்புத் தேவைகளைக் கருதவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனமும் 2022-இல் பரிந்துரைத்தது.

முதலாளிகள் தாங்கமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். பிரிட்டனில் முதலாளிகள் இல்லையா? அங்கே 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்து 28 நாளுக்குள் மருத்துவக் கண்காணிப்பில் சேர்ந்து, தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ அங்கிருக்கும் குழந்தையின் தாய்க்கும் தந்தைக்கும், வழக்கமான விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு. நாம் கேட்பதும் இதுவே: குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாள்களைத் தனியே கணக்கிடுங்கள்.

சட்டத்தை மட்டும் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தத் தாயைப் பார்க்க வந்த உறவினர் என்ன கேட்டார்கள் தெரியுமா? "என்னத்தைத் தின்றாய்? எதைத் தூக்கினாய்?" ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று இன்னும் சொல்லித் திரிகிறோம். கருவில் வளரும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்க்கிறது என்பதே மருத்துவ உண்மை. நொந்து கிடப்பவரிடம் குற்றவிசாரணை நடத்துவதா ஆறுதல்?

கேள்விகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒருவேளைச் சோற்றைக் கொண்டு செல்லுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இவற்றுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது இந்த 35 நாள் கணக்கையும் அவரிடம் கேளுங்கள்.

என் மாணவனுக்குக் கழித்தல் நன்றாகவே வருகிறது. சட்டம் இயற்றுவோருக்கு வரவேண்டியது கூட்டல்!