பார்சலில் வராத மீன்: தீவகத்துக் கடைகள் ஒன்லைன் வியாபாரத்தைத் தாக்குப்பிடிக்குமா?

அலங்கார மீன் விற்கும் ஒரு சிறிய கடையின் வருமானம் பொதுவாக இரண்டு பங்குகளாகப் பிரிகிறது. ஒன்று உயிருள்ள மீன். மற்றையது கண்ணாடித் தொட்டி, காற்றுப் பம்பி, பில்டர், விளக்கு, தீன், மருந்து, அலங்காரக் கல். மீனில் நட்டம் வர வாய்ப்பு அதிகம். ஏற்றி வந்த மீன் கடைக்குள் வைத்தே சாகும். பம்பியும் பில்டரும் சாவதில்லை. ஆகவே கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பங்கே சுமக்கிறது. ஒன்லைன் வியாபாரம் இன்று கைவைத்திருப்பதும் அதிலேதான்.

யாழ்ப்பாணத்தில் சிறு கடை நடத்துபவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2009 இல் யுத்தம் முடிந்து ஏ-9 வீதி திறந்தபோது தெற்கின் பொருட்களும் பெரு நிறுவனங்களும் ஒரே மூச்சில் வடக்கே வந்தன. 2013 இல் நகர மத்தியில் கார்கில்ஸ் சதுக்கம் எழுந்தது. அப்போதும் 'இனிச் சிறு கடைகள் முடிந்தன' என்றார்கள். பல கடைகள் தப்பின. ஆனால் அன்றைய போட்டியாளருக்கும் வாடகை இருந்தது, ஊழியர் சம்பளம் இருந்தது, கதவு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருந்தன. இன்றைய போட்டியாளர் ஒரு கைத்தொலைபேசித் திரை. சீனாவின் அலிபாபா நிறுவனம் 2018 இல் டராஸை வாங்கியது. 2020 கொரோனா முடக்கம், அதுவரை ஒன்லைனில் எதுவும் வாங்காதவர்களையும் வாங்கப் பழக்கியது. கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் வாங்கி, லொறிக் கூலி கொடுத்து, தன் இலாபத்தையும் சேர்த்து விற்கும் யாழ்ப்பாணக் கடைக்காரரால் அந்தத் திரையில் தெரியும் விலையைத் தொட முடியவில்லை.

அப்படியானால் உள்ளூர்க் கடைக்கு எதிர்காலம் உண்டா? இந்தக் கேள்விக்கு யாழ் நகரில் நின்று பதில் தேடுவதைவிட நெடுந்தீவில் நின்று தேடுவது நல்லது. அங்கேதான் ஒன்லைனின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிகின்றன.

முதலில் பலம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகியவை தரைப்பாதையால் இணைந்தவை. கூரியர் மோட்டார் சைக்கிள் வீட்டு வாசல் வரை போகும். நெடுந்தீவு அப்படியல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணையும் புங்குடுதீவும் தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். நெடுந்தீவில் ஒரு பிள்ளை மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், ஒரு சிறிய பம்பி வாங்குவதற்காகத் தகப்பன் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்வர வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு ஒன்லைன் ஒரு பெரிய வசதி. 'உள்ளூர்க் கடையைக் காப்பாற்றுங்கள்' என்று அவர்களுக்குப் புத்தி சொல்ல நமக்கு உரிமையில்லை.

இனி பலவீனம். பம்பி பெட்டியில் வரும். மீன் எப்படி வரும்? பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மிச்ச இடத்தில் ஒட்சிசன் அடைத்துத்தான் மீனை அனுப்புகிறார்கள். பைக்குள் மீன் விடும் கழிவு அமோனியாவாகச் சேர்ந்துகொண்டே போகும். நன்றாகப் பொதி செய்தாலும் ஓரிரு நாட்கள்தான் கணக்கு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அதன் பிறகு பஸ், இறங்குதுறை, படகு. வெயில் ஒரு பக்கம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. மீன் குறிகட்டுவானிலேயே கிடக்கும். செத்த மீனுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'அனுப்பும்போது உயிரோடுதான் இருந்தது' என்பார் விற்றவர். அதை யார் மறுப்பது?

சரி, மீன் உயிரோடு வந்து சேர்ந்தது என்றே வைப்போம். அதை எந்தத் தண்ணீரில் விடுவது? யாழ் குடாநாடும் தீவகமும் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கின்றன. இங்கே கிணற்று நீர் கடினமானது. நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். இந்த நீரில் கப்பி, மொலி, பிளற்றி, சுவோட் டெயில் போன்றவை சுகமாக வாழும். மொலி கொஞ்சம் உப்பையும் தாங்கும். ஆனால் அமேசன் காட்டின் மென்மையான நீருக்குப் பழகிய நியோன் டெட்ராவும் டிஸ்கஸும் இங்கே வாடிவிடும். திரையில் அழகாகத் தெரிவது பெரும்பாலும் அவைதான்! அதேபோல, குழாய் நீரில் குளோரின் கலக்கப்படுவதால் நகரத்தவர்கள் அதைப் போக்கும் மருந்து வாங்குகிறார்கள். குளோரின் கலக்காத கிணற்று நீரை எடுப்பவருக்கு அது வீண் செலவு. மறுபக்கம், குடாநாட்டின் விவசாயப் பகுதிகளில் உரப் பாவனையால் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. அதைப் பற்றி எந்த ஒன்லைன் விற்பனையாளரும் எச்சரிக்கப் போவதில்லை. அவருக்கு நமது கிணறு தெரியாது.

மின்சாரமும் அப்படித்தான். நெடுந்தீவு தேசிய மின்வலையமைப்பில் இல்லை. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்த தீவு அது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய சக்தி கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு இந்திய நன்கொடையில் 2024 இல் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. மின்தடை வரும் இடத்தில் பம்பியை மட்டும் நம்பி மீனை நெருக்கி வளர்த்தால், ஓர் இரவில் தொட்டி முழுவதும் செத்துவிடும். அகலமான தொட்டி, குறைந்த எண்ணிக்கையில் மீன், கொஞ்சம் நீர்த்தாவரம் என்று சொல்லித் தர ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர்தான் கடைக்காரர். புதிய தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். நல்ல கடைக்காரர் முதல் நாளே இருபது மீனைத் தலையில் கட்டமாட்டார். 'இன்றைக்குத் தொட்டியை மட்டும் கொண்டுபோங்கள், பிறகு இரண்டு மீன் தருகிறேன்' என்பார். அன்றைய வியாபாரத்தை இழந்து அவர் சம்பாதிப்பது அடுத்த ஐந்து வருட வாடிக்கையாளரை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்த ஆலோசனைக்கு அவர் காசு வாங்குவதில்லை. பம்பியிலும் தீனிலும் வரும் இலாபத்தில்தான் அதன் விலை ஒளிந்திருக்கிறது. நாமோ ஆலோசனையைக் கடையில் கேட்டுவிட்டு, பொருளை ஒன்லைனில் வாங்குகிறோம். இருநூறு ரூபா மிச்சம் என்று மகிழ்கிறோம். இப்படியே போனால் ஒருநாள் அந்தக் கடை பூட்டப்படும். நகரத்தவர் வேறு கடை தேடிக்கொள்வார். தீவகத்தவருக்கு மாற்று இல்லை. ஒன்லைன் விலையால் அதிகம் பயன்பெறுபவரும் நெடுந்தீவுக்காரர்தான். யாழ்ப்பாணக் கடை பூட்டப்பட்டால் அதிகம் இழப்பவரும் அவர்தான்.

இது மீன் தொட்டியோடு நிற்கும் விடயமும் அல்ல. வன்பொருள், தையல் சாமான், கைத்தொலைபேசி உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நமது சமூகத்துக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் யாழ்ப்பாணத்தவர் பலர் வியாபாரிகள். இரும்பு, வன்பொருள், தையல், லொறிப் போக்குவரத்து என்று தலைமுறைகளாகக் கட்டிய தொழிலை ஒக்டோபர் 30 அன்று சில மணி நேரத்தில் விட்டுச் சென்றார்கள். 2009 க்குப் பின் திரும்பியவர்களில் பலருக்குக் கைமுதல் குறைவு. மீண்டும் ஊன்றிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த வாசல்களில் ஒன்று சிறு கடை. அந்த வாசல் குறுகுவதை நாம் வெறும் சந்தை மாற்றம் என்று கடந்துபோக முடியாது.

என்ன செய்யலாம்? சென்னையின் கொளத்தூரைப் பாருங்கள். தெருத்தெருவாக அலங்கார மீன் கடைகள் உள்ள இடம் அது. ஒன்லைன் வந்த பிறகும் அது நிற்பதற்குக் காரணம், கடைகளுக்குப் பின்னால் மீன் வளர்ப்பவர்கள் இருப்பது. சென்னையைச் சுற்றியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் தொட்டிகளிலும் மீன் பெருக்கும் குடும்பங்கள் கொளத்தூருக்குக் கொடுக்கின்றன. கடை, பிறர் பொருளை மறுவிற்பனை செய்யும் இடமாக மட்டும் இல்லை.

இதை யாழ்ப்பாணத்திலும் செய்யலாம். இலங்கை அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் நாடு. அதில் கப்பிக்கு முக்கிய இடமுண்டு. நமது கடின நீர் அந்தக் கப்பிக்கே உகந்தது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நெக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை, அலங்கார மீன் வளர்ப்பையும் ஊக்குவிக்கிறது. தீவகத்துப் பெண்கள் சீமெந்துத் தொட்டியில் கப்பியும் மொலியும் பெருக்கி நகரக் கடைகளுக்குக் கொடுத்தால், கடைக்காரருக்குக் கொழும்பு வழியில் சாகும் மீனின் நட்டம் குறையும். தீவுக்கு ஒரு வருமானம் வரும். இந்த நீரிலேயே பிறந்த மீன் இந்த நீரில் நின்றுபிடிக்கும்.

கடைக்காரர்களும் மாற வேண்டும். வட்ஸ்அப்பில் படம் போட்டு, விலையை ஒளிக்காமல் சொல்லி, காலைப் படகில் அனுப்பும் கடைக்கு நெடுந்தீவும் வாடிக்கையாளர்தான். நாலைந்து கடைகள் சேர்ந்து மொத்தமாகக் கொள்வனவு செய்தால் விலை இடைவெளி குறையும். ஆலோசனைக்கும் தொட்டி பராமரிப்புக்கும் நியாயமான கூலி வாங்கத் தயங்கத் தேவையில்லை.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பெயரும் முகவரியும் இல்லாத முகநூல் பக்கம் எந்த மீனையும் விற்கலாம் என்ற நிலை ஆபத்தானது. தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்ட வெளிநாட்டு இராட்சத விரால் வகையைப் பிடிப்பதற்காக 2025 இல் போட்டியே நடத்தவேண்டி வந்தது. வளர்க்க முடியாமல் போன மீனை நெடுந்தீவின் ஒரு குளத்தில் யாராவது விட்டால், அந்தச் சிறிய தீவில் அதை அகற்றுவது யார்? விற்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுபவரும் யாருக்கு எதிராக என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

பெட்டியை மட்டும் விற்கும் கடை பிழைக்காது. அதை எந்த அனுதாபமும் காப்பாற்றாது. மீனை வளர்த்து, தண்ணீரை அறிந்து, விற்ற பிறகும் பொறுப்பேற்கும் கடை பிழைக்கும், அதன் அறிவுக்கு நாம் விலை கொடுத்தால். அடுத்த முறை ஒரு கடைக்காரரிடம் அரை மணி நேரம் விளக்கம் கேட்டால், அந்தப் பம்பியையும் அவரிடமே வாங்குங்கள்.