ஆஸ்பத்திரி தரும் நோய்க்கு யார் பொறுப்பு?

உடைந்த எலும்பை ஒட்டவைக்க ஆஸ்பத்திரியில் சேர்கிறோம். எலும்பு கூடிவிடுகிறது, அறுத்த இடத்தில் சீழ் பிடிக்கிறது. சிறுநீர்க் குழாய் வழியாக, ஊசி ஏற்றிய நரம்பு வழியாக, மூச்சுக் கருவி வழியாகக் கிருமி உள்ளே நுழைகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன நோயல்ல இது, வார்டிலே ஒட்டிக்கொண்டது. "எல்லாம் தலைவிதி" என்று நம்மை அனுப்பிவைக்கிறார்கள். நாம் இதை நிர்வாகக் கேடு என்கிறோம்.

"மருந்துக் கடையில் கண்ட மாத்திரையை வாங்கித் தின்னும் பாமரர்களால்தான் கிருமிகள் மருந்துக்கு அடங்குவதில்லை" என்பது படித்தவர்கள் சொல்லும் காரணம். 2011 முதல் 2014 வரை தில்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களில், நூற்றுக்குப் பதினான்கு சிசுக்களை இரத்தக் கிருமித் தொற்று தாக்கியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த மூன்று நாளுக்குள். கண்டறிந்த கிருமிகளில் பல, பலவகை மருந்துகளுக்கும் அடங்காதவை. மூன்று நாள் பிள்ளை எந்தக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கியது?

கிருமிக்குக் கால் இல்லை. கழுவாத கைதான் அதைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோகிறது. ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராது. கூட்டித் துடைப்பவரோ கையுறைகூடக் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளி. இவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. எந்தக் கிருமி என்று பரிசோதித்துச் சொல்ல இரண்டு மூன்று நாளாகும். அதுவரை உத்தேசமாக வீரியமான மருந்தை ஏற்றுகிறார்கள். எளிய கிருமி சாகிறது; முரட்டுக் கிருமி பிழைத்துப் பெருகி, தன் எதிர்ப்புச் சக்தியை மற்றக் கிருமிக்கும் கொடுக்கிறது.

ஆட்சியாளர்களுக்கு இது தெரியாததல்ல. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்தையே முறிக்கும் கிருமிகள் பரவுவதை 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். அந்த எதிர்ப்புச் சக்திக்கு 'நியூ டெல்லி' என்ற பெயர் இருந்ததுதான் இங்கே பலரைச் சுட்டது. வெளிநாட்டு நோயாளிகள் வரமாட்டார்களே என்று கவலைப்பட்டார்கள். 2011இல் தில்லிக் குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அதே மரபணு இருப்பது வெளியாயிற்று. தேங்கிய நீர் யார் வாசலில் நிற்கும் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் கடமையும் உண்டு. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று டாக்டரிடம் போகாமல், சளிக்கும் காய்ச்சலுக்கும் கடைக்காரர் தரும் நாலு மாத்திரையை விழுங்குகிறோம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டின்றி வாங்கக் கூடாது. சில வீரிய மருந்துகளை விற்றால் நோயாளி பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுவோம். மிச்சத்தை அண்டை வீட்டுக்குத் தரமாட்டோம்.

ஆனால், நம் கட்டுப்பாடு அரசின் கடமைக்கு ஈடாகாது. 2017இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. திட்டம் தாளில் இருந்தால் கை சுத்தமாகாது. ஒவ்வொரு வார்டிலும் தண்ணீரும் சோப்பும் வேண்டும். காலி நர்ஸ் இடங்களை நிரப்ப வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை வேண்டும். மாதந்தோறும் எத்தனை பேருக்கு வார்டிலே தொற்று வந்தது என்று வாசல் பலகையில், நோயாளிகளுக்குப் புரியும் மொழிகளில் எழுதிவைக்க வேண்டும்.

தோழர்களே! இந்தி சரியாக வராது, வெளியூர்க்காரர் என்று கூசி நிற்க வேண்டாம். "கை கழுவினீர்களா?" என்று மரியாதையோடு கேட்பது நோயாளியின் உரிமை. தனியாகக் கேட்டால் அதட்டுவார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.