நடுவில் இருப்பவனுக்கு என்ன அதிகாரம்?

"மேல இருக்கிறவங்க சரியில்ல சார், நாம என்ன பண்ண முடியும்?"

பழனியில் ஓய்வூதியர்கள் நாலு பேர் கூடினால் பத்து நிமிடத்தில் இந்த வசனம் வந்துவிடும். பணியில் இருந்த 34 வருடமும் இதைத்தான் கேட்டேன். இப்போது யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் இது சோம்பலுக்கு மாட்டிவிட்ட நல்ல சட்டை.

இங்கிருந்து 64 கி.மீ. மலையேறினால் கொடைக்கானல். போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு, 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். 1907-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே வேலைக்கு வந்தார். இயக்குநர் மிச்சி ஸ்மித். இவர் அவருக்கு உதவியாளர். அதற்குமுன் லண்டனில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை, வானியல் வெறும் பொழுதுபோக்கு. வந்த மனிதர் சூரியனைப் படமெடுக்கும் கருவியைச் செப்பனிட்டு ஒழுங்காக ஓட வைத்தார். சூரியப் புள்ளிகளில் வாயு சுழல்போலச் சுற்றுகிறது என்று பலரும் நினைத்திருந்த காலம். 1909 ஜனவரியில் எவர்ஷெட் பார்த்தது வேறு: வாயு புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கிறது. உலகம் இன்றும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. இயக்குநர் நாற்காலி அவருக்கு 1911-ல்தான் கிடைத்தது. அவர் மனைவி மேரிக்கு அதுவும் இல்லை, எந்தப் பதவியும் இல்லாமல் கணவரோடு சேர்ந்து சூரியத் தீச்சுவாலைகளைப் பற்றிப் பெரிய ஆய்வறிக்கை எழுதினார்.

"வெள்ளைக்காரன், அவனை யார் தடுப்பா?" என்பீர்கள். நியாயமான கேள்விதான்.

சரி, நம்ம ஆளையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தாய்வீடு சென்னை வானாய்வகம். அங்கே போக்சன் துரைக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பெருமை, ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வானத்தைப் பார்த்துக் கணித்தால்தான் பஞ்சாங்கம் சரியாக இருக்கும் என்று சொல்லி, திருக்கணித முறையில் தாமே பஞ்சாங்கம் போட்டார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நம் ஜனங்களுக்கு அது புரிய வேண்டும் என்று இந்திய மொழிகள் சிலவற்றில் புத்தகம் போட்டார். எந்த ஜோசியருக்காவது உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருந்ததா? துரையின் நாற்காலியும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1880-ல் இறந்துபோனார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற சண்டை இன்றும் நம் வீடுகளில் ஓய்ந்தபாடில்லை.

நம் ஆட்கள் பயிற்சிக்குப் போனால் என்ன சொல்லித் தருகிறார்கள்? மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, கீழே இருப்பவரிடம் எப்படி வேலை வாங்குவது. கோப்பில் நோட் எழுதுகிறவன்தான் பாதி முடிவை எழுதுகிறான் என்பதை யாரும் சொல்வதில்லை. அதிகாரிகள் பெரும்பாலும் கீழே இருந்து வந்த குறிப்பின்மேல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

என்னோடு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அடுத்த வருடம் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று தன் மேஜைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவைப்பார். மனு வரட்டும் என்று காத்திருக்காமல், ஆறு மாதம் முன்பே பணிப்பதிவேட்டை எடுத்து விடுபட்ட பதிவுகளைச் சரிபார்த்து, ஓய்வூதியக் கருத்துருவைத் தயார் செய்துவிடுவார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. பக்கத்து பிரிவில் இருந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு தங்கள் பிரிவு ஆட்கள் பென்ஷனுக்கு அலைவதையும், இவர் பிரிவு ஆட்கள் அலையாததையும் பார்த்துவிட்டு அவர்களும் காலண்டர் வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து அலுவலகத் தலைவர் அதையே சுற்றறிக்கையாக விட்டார், தன் யோசனை என்று. நண்பர் சிரித்துக்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டார்.

மாற்றல் பயம் நிஜம், மறுக்கவில்லை. மேலிருந்து போன் வந்த கோப்பில் எதிர்த்து எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நூறு கோப்பில் அப்படிப் போன் வருவது எத்தனைக்கு? மிச்சக் கோப்புகள் ஏன் நம் மேஜையில் தூங்கின? சங்கத்தில் அடுத்தமுறை அந்த வசனம் வந்தால் இதைத்தான் கேட்கப் போகிறேன்.